சமையல்காரர் எழுதிய கதைப் புத்தகம்

சமையல்காரர் என்ன செய்வார்? சமைப்பார். பேர்பெற்ற சமையல்காரர் என்றால் சமையல் குறிப்புப் புத்தகமும் எழுதுவார். ஆனால் ஒரு சமையல்காரர் குழந்தைகளுக்குக் கதைப் புத்தகம் எழுதினார். யாரைப் பற்றி எழுதினார் தெரியுமா? உங்களைப் போல, வயதான பிறகு எழுத்துப் படித்த ஒரு பாட்டியைப் பற்றி எழுதினார்.

முதலில் அந்தப் பாட்டியைத் தெரிந்துகொள்வோம்.

பாட்டி எழுதிய தேர்வு

கேரளத்தில் ஆலப்புழை மாவட்டம். அங்கே சேப்பாடு என்று ஓர் ஊர். அந்த ஊரில் வாழ்ந்தவர் கார்த்தியாயினி அம்மா. 1922 இல் பிறந்தவர். சின்ன வயதில் அவருக்குப் படிக்கக் கொடுத்துவைக்கவில்லை. வீட்டு வேலை செய்தார். கோயில்களைப் பெருக்கிச் சுத்தம் செய்தார். உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தார்.

அவருடைய மகள் வயதான பிறகு படித்துத் தேறினார். அதைப் பார்த்து அம்மாவுக்கும் ஆசை வந்தது. கேரள மாநில எழுத்தறிவு இயக்கத்தில் சேர்ந்து படித்தார். வீட்டில் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் சொல்லிக் கொடுத்தார்கள்.

2018 ஆகஸ்டு மாதம் ‘அட்சரலட்சம்’ தேர்வு நடந்தது. கார்த்தியாயினி அம்மாவும் எழுதினார். அப்போது அவருக்கு வயது 96. தேர்வு எழுதியவர்கள் 40 ஆயிரத்துக்கும் மேல். அம்மா வாங்கிய மதிப்பெண் 100க்கு 98. முதலிடம் அவருக்கே!

2020 மார்ச் 8, மகளிர் நாள். அன்று குடியரசுத் தலைவர் கையால் ‘நாரீ சக்தி’ விருது வாங்கினார். 2023 அக்டோபரில், 101 வயதில் காலமானார்.

சமையல்காரர் யார்?

அவர் பெயர் விகாஸ் கன்னா. பஞ்சாபில் அமிர்தசரஸில் 1971 இல் பிறந்தார். பிறக்கும்போதே அவர் கால்கள் வளைந்திருந்தன. 13 வயது வரை ஓட முடியவில்லை. மற்றப் பிள்ளைகள் விளையாடினார்கள். இவர் அடுப்படியில் பாட்டியோடு இருந்தார். பாட்டியிடம் சமையல் கற்றார்.

பிறகு அமெரிக்காவில் நியூயார்க் நகருக்குப் போனார். அங்கே பெரிய உணவகத்தில் தலைமைச் சமையல்காரர் ஆனார். சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷலின் நட்சத்திரம் 2011 இல் அந்த உணவகத்துக்குக் கிடைத்தது. தொலைக்காட்சி சமையல் போட்டியில் நடுவராகவும் வந்தார்.

இவர்தான் கார்த்தியாயினி அம்மாவின் கதையைப் படப் புத்தகமாக எழுதினார். புத்தகத்தின் பெயர் ‘பேர்ஃபுட் எம்பிரஸ்’. ‘வெறுங்கால் பேரரசி’ என்று பொருள். 2022 இல் அதே பெயரில் ஒரு குறும்படமும் எடுத்தார்.

புத்தகத்தை அச்சடித்தால் மட்டும் போதாது. அது நாலு பேர் கைக்குப் போக வேண்டும். எழுதியவர் ஊர் அறிந்தவர் என்றால் செய்தித்தாளில் பெயர் வரும். மக்கள் கடையில் கேட்டு வாங்குவார்கள். கையில் கரண்டி பிடித்துச் சம்பாதித்த பெயரை, ஒரு பாட்டியின் கதையை ஊருக்குச் சொல்ல இவர் பயன்படுத்தினார். இது நல்ல காரியம்.

யார் படிப்பது?

இங்கே ஒரு கேள்வி. விகாஸ் கன்னா ஆங்கிலத்தில் எழுதினார். கார்த்தியாயினி அம்மா படித்ததோ மலையாளம். ஆங்கிலம் படிக்கும் குழந்தை அந்தக் கதையைப் படிக்கும். பக்கத்தில் உட்காரும் பாட்டி என்ன செய்வார்? படத்தை மட்டும் பார்ப்பார்.

இதற்கு வழி உண்டு. அதுதான் இருமொழிப் புத்தகம். ஒரே பக்கத்தில் ஒரே கதை இரண்டு மொழியில் இருக்கும். சென்னையில் துளிகா பதிப்பகம் 1996 இல் தொடங்கியது. தமிழ் - ஆங்கிலம், இந்தி - ஆங்கிலம் என்று பல இருமொழிப் படப் புத்தகங்களை அது வெளியிட்டிருக்கிறது.

பக்கம் எப்படி இருக்கும்? பூனைப் படம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே தமிழில், ‘பூனை பால் குடிக்கிறது’. கீழே ஆங்கிலத்தில், ‘தி கேட் டிரிங்க்ஸ் மில்க்’. தமிழில் ‘குடிக்கிறது’ கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் ‘டிரிங்க்ஸ்’ நடுவில் வருகிறது. இதை அம்மாவும் பிள்ளையும் விரல் வைத்துப் பார்க்கலாம்.

எங்கள் மையத்துக்கு ஓர் அக்கா வருவார். அவர் மகள் ஆங்கிலப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. “அம்மா, இதைச் சொல்லிக் கொடு” என்று மகள் வந்தால், “எனக்கு வேலை இருக்கு” என்று அக்கா எழுந்து போய்விடுவாராம். வேலை இருந்ததால் அல்ல. வெட்கம்.

ஒருநாள் இருமொழிப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் அக்கா சொன்னார்: “தமிழை நான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன், தம்பி. இங்கிலீசை அவ படிச்சா. நான் ஓர் இடத்தில் தப்பாப் படிச்சேன். அவ சிரிச்சா. அவளும் ஓர் இடத்தில் தப்பாப் படிச்சா. நானும் சிரிச்சேன். நேத்து நான் எழுந்து போகலை.”

அந்தக் கடைசி வார்த்தையை நான் மறக்கவில்லை. பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும். அதற்காக அம்மாவின் எழுத்து வீட்டுக்கு வெளியே நிற்க வேண்டாம். இரண்டுக்கும் ஒரே பக்கத்தில் இடம் இருக்கிறது.

கதை எழுத, சொல்ல, பரப்ப எல்லாருக்கும் உரிமை உண்டு. சமையல்காரரும் எழுதலாம். தையல்காரரும் எழுதலாம். நீங்களும் எழுதலாம்.

சொல்லும் பொருளும்

இருமொழி - இரண்டு மொழி
பதிப்பகம் - புத்தகம் அச்சிட்டு வெளியிடும் நிறுவனம்
நடுவர் - போட்டியில் தீர்ப்புச் சொல்பவர்
குறும்படம் - சிறிய திரைப்படம்

விடை எழுதுங்கள்

1. கார்த்தியாயினி அம்மா எந்த மாவட்டத்தில் வாழ்ந்தார்?
2. விகாஸ் கன்னா யாரிடம் சமையல் கற்றார்?
3. அக்கா முன்பெல்லாம் ஏன் எழுந்து போனார்?

கணக்குப் போடுங்கள்

கார்த்தியாயினி அம்மா பிறந்தது 1922. தேர்வு எழுதியது 2018. கழித்துப் பாருங்கள். வயது சரியாக வருகிறதா?

செய்து பாருங்கள்

உங்களுக்குத் தெரிந்த சமையல் ஒன்றை ஐந்து வரியில் தமிழில் எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு வரி இடம் விடுங்கள். அந்த இடத்தில் உங்கள் பிள்ளையை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு படம் வரையுங்கள். இப்போது உங்கள் வீட்டிலும் ஓர் இருமொழிப் புத்தகம் தொடங்கிவிட்டது. அதை மையத்துக்குக் கொண்டு வந்து எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள்.