லீவை விற்காதே

இலஞ்சி,
ஆனிக் கடைசி

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ "அத்தே, ஒரு நிமிஷம், வேற கால் வருது" என்கிறாய். கடுதாசி என்றால் குறுக்கே யாரும் வர முடியாது.

லிஃப்டில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாயாமே. உன் அம்மா வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் சொல்லிவிட்டு அப்படியே தாண்டிப் போனாள். டாக்டர் ரத்தமெல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றாராம். ஒன்றுமில்லை என்றால் எதற்குத் தலை சுற்றுகிறது? நான் ஒன்றும் பயப்படவில்லை. இலஞ்சிக் குமாரனுக்கு ஒரு பாலாபிஷேகம் நேர்ந்துகொண்டேன், அவ்வளவுதான்.

லீவு நிறையக் கிடக்கிறது, எடுக்காவிட்டால் காசாகத் தருவார்கள், வீட்டுக் கடனுக்கு ஆகும் என்று சொன்னாயாம். கேட்டதும் எனக்கு உன் அப்பா குரல்தான் காதில் விழுந்தது.

தாலுகா ஆபீசில் இருந்தவரைக்கும் உன் அப்பா வருஷம் தவறாமல் 15 நாள் ஈட்டிய விடுப்பைச் சரண்டர் பண்ணினான். ஒரு வருஷம் கிரைண்டர், ஒரு வருஷம் மொட்டைமாடிக்குத் தட்டோடு, ஒரு வருஷம் உன் காலேஜ் பீஸ். மிச்சத்தைச் சேர்த்து வைத்து, ரிட்டயர் ஆகிறபோது 240 நாள் சம்பளத்தை மொத்தமாக வாங்கினான். அதற்கு மேல் சேர்க்க அரசாங்கமே விடாது, அதனால்தான் அந்த மட்டோடு நிறுத்தினான். வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். "ஏல, எட்டு மாசத்தை வித்துட்டியே, திரும்ப எவன் தருவான்?" என்று நான் ஒருத்திதான் கேட்டேன். சிரித்தான். அப்புறம் நடந்ததை உனக்கு எழுத வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தது நீயும் நானும்தானே.

எங்கள் தபால் இலாகாவில் 300 நாள் வரைக்கும் சேர்க்கலாம். நான் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. லீவு எழுதிக் கொடுக்கும்போதெல்லாம் ஒரு மேலதிகாரி "ஊர்ல என்னம்மா விசேஷம்?" என்பார். "விசேஷம் ஒண்ணுமில்ல சார், அதான் லீவு" என்பேன். அவருக்குக் கடைசிவரை அது பிடிபடவில்லை. நம்மாட்களுக்கு லீவு என்றால் கல்யாணம், காதுகுத்து, பிள்ளைக்குப் பரீட்சை, கருமாதி. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குப் போவதற்குப் பெயர் லீவு. சும்மா இருப்பதற்கு லீவு போட்டேன் என்று சொல்ல நம் வீட்டில் ஒருத்தருக்கும் நாக்கு எழும்பாது.

ஞாயிற்றுக்கிழமையே சும்மா வந்துவிடவில்லை, தெரியுமா? பம்பாய் மில்களில் ஏழு நாளும் வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவர் 1884-ல் கேட்கத் தொடங்கி, 1890 ஜூனில்தான் அந்த ஒரு நாள் கிடைத்தது. 2005-ல் அவருக்குத் தபால்தலை போட்டார்கள். எனக்கு அவரைத் தெரிய வந்ததே அப்படித்தான். மில்லுக்கு வந்த ஞாயிறு அடுப்படிக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பது வேறு கதை. அன்றைக்குத்தானே நமக்குக் கறி எடுக்கிறதும், துணி அலசுகிறதும், விருந்தாளி வருகிறதும்.

அந்தக் காலத்துப் பொம்பிளைக்கு இருந்த ஒரே லீவு பிறந்த வீடு. உன் ஆச்சி ஆடிக்குச் சுரண்டைக்குப் போனால் முதல் ரெண்டு நாள் தூங்குவாள். யாரும் எழுப்ப மாட்டார்கள். அப்புறம்தான் குளிப்பது, பூ வைப்பது, பேசுவது எல்லாம். திரும்பி வரும்போது முகமே வேறு மாதிரி இருக்கும். ரெண்டு மாசத்துக்கு எங்களை அடிக்க மாட்டாள்! உனக்குத்தான் அந்த வழி அடைபட்டுவிட்டது. உன் அம்மாவைப் பார்க்கப் போனால் அவளுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்து, ஈ.பி. பில் கட்டிவிட்டு வருகிறாய். ஆகையால் உனக்குப் பிறந்த வீடு இனி இதுதான்.

மாப்பிள்ளை மூணாறு, தேக்கடி என்று நாலு நாள் டூர் பேசியிருக்கிறாராம். தாராளமாகப் போங்கள், நான் குறுக்கே நிற்பேனா? ஏழு மணிக்கு டிபன், எட்டரைக்குப் போட்டிங், மத்தியானம் யானைச் சவாரி என்று டிரைவர் அவசரப்படுத்துவான். பெட்டி அடுக்குவது யார், பயலுக்கு வாந்தி மாத்திரை எடுத்து வைப்பது யார், ஈரத் துணியைக் கவரில் சுருட்டுவது யார் என்று மட்டும் யோசித்துக்கொள். முடிவு உன்னுடையது.

இங்கே சீசன் பிடித்துவிட்டது. வெயில் அடிக்கும்போதே சாரல் விழுகிறது. கொடியில் போட்ட சேலை மூணு நாளாக அப்படியே கிடக்கிறது. காலையில் மலை தெரிந்தால் தெரியும், இல்லாவிட்டால் இல்லை. மனசு வந்தால் ஐந்தருவிக்கு ஆட்டோ பிடிப்போம், கூட்டமாக இருந்தால் தலையை நனைக்காமலே மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவோம். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் இருந்தபோது ராஜாஜியும் கல்கியும் தேடி வந்து தங்கி, பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போவார்களாம். அவர்களுக்கு இல்லாத வேலையா உனக்கு?

முதல் ரெண்டு நாள் உனக்கு இங்கே இருப்புக்கொள்ளாது, இப்போதே சொல்லிவிடுகிறேன். என் அடுக்களையில் டப்பாக்களை இறக்கித் துடைப்பாய். பயல் சாப்பிட்டானா என்று மணிக்கொரு தரம் போன் அடிப்பாய். எரிந்து விழுவாய். விழு, நான் பார்க்காததா? மூணாம் நாளோ நாலாம் நாளோ, இன்றைக்கு என்ன கிழமை என்று என்னைக் கேட்பாய். அதற்குப் பிறகுதான் உன் லீவு தொடங்கும். அதனால்தான் ரெண்டு நாளுக்கு வந்து போவதில் எனக்குச் சம்மதமில்லை, குறைந்தது ஒரு வாரமாவது வேண்டும்.

பயலைக் கூட்டி வருவதும் வராததும் உன் விருப்பம். ஆனால் அவனுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஒரு வாரம் டிபன் கட்டிக் கொடுத்தால் மாப்பிள்ளைக்குக் கை தேய்ந்துவிடாது.

ரொம்பப் பேசிவிட்டேனோ? உன் அப்பாவைப் பற்றி எழுதியதை மனசில் வைத்துக்கொள்ளாதே. அவன் சரண்டர் பண்ணிய காசில்தான் நீ படித்தாய், நீ படித்ததால்தான் இந்தக் குடும்பம் நிமிர்ந்தது. உன்னைப் போல ஒரு பெண் இந்தத் தெருவிலேயே கிடையாது. கடனை அடைக்க நினைப்பது தப்பே இல்லை. நீ எது செய்தாலும் சரியாகத்தான் செய்வாய், என் தங்கமே. வராவிட்டாலும் எனக்குக் கொஞ்சங்கூட வருத்தமில்லை. களிக்கு உளுந்து வறுத்துத் திரித்தாகிவிட்டது, நல்லெண்ணெயும் செக்கில் ஆட்டி வாங்கி வைத்திருக்கிறேன். பொதிகையில் டிக்கெட் கிடைக்காவிட்டால் சொல், எதிர்வீட்டுப் பையன் தட்கலில் போட்டுத் தருவான், கேட்டு வைத்துவிட்டேன்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அத்தை

பி.கு.: லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வராதே. தார்சாவில் பிளக் பாயிண்ட் வேலை செய்யவில்லை. எலக்ட்ரீசியன் நேற்று வந்தான், நான்தான் அடுத்த மாசம் வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.