குளுக்கோஸ், தேன் டிரம்களைச் சூடாக்கும் முறை



சர்பத், ஜூஸ், சோடா தயாரிப்பவர்களுக்குத் திரவக் குளுக்கோஸும் தேனும் சப்ளை செய்பவர்களுக்கு மார்கழி, தை வந்தாலே தலைவலி. 300 கிலோ டிரம்மைக் கவிழ்த்தாலும் சரக்கு இறங்காது. வாடிக்கையாளர் வாசலில் கேனோடு நிற்பார். அந்த அவசரத்தில்தான் தவறு நடக்கும்.

1994 மார்கழியில் ஓசூர் குடோனில் நானே அதைச் செய்தேன். அப்போது எனக்கு வந்தவை இரும்பு டிரம்கள். பாதி காலியான ஒன்றைச் செங்கல் மேல் ஏற்றி, அடியில் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்தேன். மூடியைத் தளர்த்தவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பையன் மூடியைத் திருகியதும் உள்ளே அடைபட்டிருந்த காற்றும் ஆவியும் சூடான பாகோடு பீறிட்டன. முழங்கை வரை வெந்து போயிற்று. தண்ணீர் கொதித்துத் தெறித்தால் வழிந்து ஓடிவிடும், பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். மருத்துவச் செலவை நான் ஏற்றேன். தழும்பை என்னால் ஏற்க முடியுமா?

சரக்கும் வீண்தான். அடிப்பாகம் கருகிப் பழுப்பேறியது, மேல்பாகம் அப்படியே கெட்டியாக இருந்தது. காரணம் எளிது. தண்ணீர் சூடானால் தானே சுழன்று மேலேறும். கெட்டிப் பாகு சுழலாது. எனவே சூடு பட்ட இடத்திலேயே தங்கிவிடும். வெள்ளைச் சர்பத் போடுபவர் அந்தப் பழுப்புச் சரக்கைத் திருப்பிவிட்டார், நியாயம்தானே.

ஆகவே நேரடி நெருப்பு கூடவே கூடாது. இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் டிரம்கள் வருகின்றன, அவற்றுக்குச் சொல்லவே வேண்டாம். முதல் வேலை, மூடியைத் தளர்த்துவது. பிறகு வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தலாம். தொட்டி நீர் மூடி மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். சிறிது நீர் உள்ளே போனாலும் மேல்பரப்பு நீர்த்துப் புளிக்கத் தொடங்கும். நீரின் சூட்டை தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், கையை விட்டுப் பார்ப்பது கணக்காகாது. குளுக்கோஸுக்கு 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் போதும்.

டிரம்மைச் சுற்றிக் கட்டும் மின்சார பெல்ட் ஹீட்டரும் நல்லதே. தெர்மோஸ்டாட் உள்ளதாக வாங்குங்கள். இரும்புக்கு வேறு, பிளாஸ்டிக்குக்கு வேறு என்பதைக் கேட்டு வாங்க வேண்டும். பெல்ட்டை அடிப்பக்கமாகக் கட்டுங்கள். சரக்கு குறைந்து பெல்ட் இருக்கும் இடம் காலியானால் அந்த இடம் அளவுக்கு மீறிச் சுடும். எர்த் இணைப்பும், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் இல்லாமல் ஈரத் தரையில் இதை ஓட்டாதீர்கள்.

செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஒரே எடைத் தண்ணீருக்குத் தேவைப்படும் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதிதான் குளுக்கோஸுக்கு வேண்டும். 300 கிலோவை 20 டிகிரியிலிருந்து 45க்கு ஏற்றச் சுமார் 5 யூனிட், வெளியே வீணாவதைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். 1000 வாட் ஹீட்டர் என்றால் இரவில் போட்டுக் காலையில் இறக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தைத்தான் கொடுக்க வேண்டும், சூட்டைக் கூட்டக் கூடாது.

தேன் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. தேன் உறைவது கலப்படத்தால் அல்ல, அதிலுள்ள குளுக்கோஸ் படிகமாவதால். இதை வாடிக்கையாளரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். சூடு 40 டிகிரியைச் சுற்றி இருக்கட்டும், டிரம் உருக ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். சூடு அதிகமானால் நிறமும் மணமும் போவதுடன், எச்.எம்.எஃப். என்ற பொருள் கூடும். நம் நாட்டு உணவுத் தர விதிப்படி தேனில் அது கிலோவுக்கு 80 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மாதிரி எடுத்தால் மாட்டுவது விற்ற நாம்தான்.

ஒரே டிரம்மைத் தினமும் சூடாக்கி ஆற விடுவதும் கெடுதல். ஒரு தடவை இளக்கியதும் முழுவதையும் சுத்தமான, ஈரமில்லாத கேன்களில் பிரித்து, தேதி எழுதி வைத்துவிடுங்கள். நான் இப்போது குளிர் மாதங்களில் டிரம்மே வாங்குவதில்லை. கிலோவுக்கு விலை சற்றுக் கூடினாலும் சிறிய கேன்களாகவே எடுக்கிறேன்.