நிருபர் பயிற்சி: மாட வீதியிலிருந்து கிராம சபைக்கு

இதழியல் பயிலும் மாணாக்கரிற் பெரும்பாலோர் நகரத்துக் கல்லூரிகளிலேயே பயில்கின்றனர். ஆயினும் பிற்காலத்தில் அவர்கள் எழுத வேண்டிய செய்திகளுள் பெரும்பகுதி கிராமங்களில் இருக்கின்றது. ஓர் ஊரின் குறை முறையாகக் கேட்டறியப்பெற்று, சரிபார்க்கப்பெற்று அச்சேறினால் பரிகாரத்துக்கு வழி பிறக்கும். அரைகுறையாக எழுதப்பெற்றாலோ குறை தீராது. அதை எடுத்துரைத்த ஏழையின் பெயருக்கும் கேடு விளையும். எனவே நிருபர் பயிற்சி கிராம மக்களும் கருத்திற் கொள்ள வேண்டிய விஷயமாகும்.

சென்னையில் இப்பயிற்சிக்கு நல்ல வாய்ப்புகள் உள்ளன. பல்கலைக்கழகத்தின் இதழியல் துறை சேப்பாக்கத்தில் இயங்குகின்றது. 1994-ல் பெங்களூரில் தோன்றி 2000-ல் சென்னைக்கு வந்த ஆசிய இதழியல் கல்லூரி, அடையாறுக்குத் தெற்கே தரமணியில் நடைபெறுகின்றது. மயிலாப்பூர் டைம்ஸ், அடையாறு டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ் என்று அந்தந்த வட்டாரத்துக்கென்றே ஆங்கில இதழ்கள் தோன்றியுள்ளன. தேங்கிய கழிவுநீர், எரியாத தெருவிளக்கு, கோயில் குளத்தின் நீர்மட்டம் ஆகியவையே வட்டார இதழ்களின் செய்திகள். இளம் நிருபருக்கு இவற்றினும் சிறந்த பாடமில்லை. தவறாக எழுதினால் மறுநாளே அத்தெருவினர் சுட்டிக்காட்டுவர்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மயிலாப்பூர் மாட வீதியிலோ தியாகராய நகர்க் கடைத்தெருவிலோ நடைபாதை வியாபாரிகளை அப்புறப்படுத்தப் போவதாக ஒரு மாணவர் கேள்விப்படுகின்றார் என்று கொள்வோம். வியாபாரியின் துயரத்தை மட்டும் எழுதினால் அது பாதிச் செய்தி. நடக்க இடமில்லாதவர்களின் முறையீட்டை மட்டும் எழுதினாலும் பாதிச் செய்தியே. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், 30 நாள் முன்னறிவிப்பின்றி எவரையும் அப்புறப்படுத்தலாகாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கு உரியது என்றும் அது விதிக்கின்றது. இவற்றை அறிந்த மாணவர், "முன்னறிவிப்பு எந்தத் தேதியில் வந்தது? அதைக் காண்பிக்க இயலுமா?" என்று வினவுவார், பின்னர் மாநகராட்சி அலுவலகத்திலும் அதே வினாவைத் தொடுப்பார். இரு விடைகளையும் ஒப்பிட்டு எழுதுவதே செய்தி.

இவ்விதம் வீதியிற் பழகியவர் கிராமத்துக்குச் செல்லுதல் அடுத்த படியாகும். ஆசிய இதழியல் கல்லூரியில் வறுமையும் இல்லாமையும் பற்றிச் செய்தி சேகரிப்பது தனிப் பாடமாகவே அமைந்துள்ளது. அதற்காக மாணாக்கர் கிராமப்புறங்களுக்குச் சென்று வருகின்றனர். சென்னையிற் பிறந்த பத்திரிகையாளர் பி. சாய்நாத், 1990-களில் நாட்டின் மிக வறிய மாவட்டங்களிற் சுற்றினார். இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அவற்றுள் அடங்கும். கல் குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்த பெண்களையும், மிதிவண்டி ஓட்டக் கற்ற பெண்களையும் புதுக்கோட்டையிற் கண்டு எழுதினார். அவர் 2014-ல் தொடங்கிய 'பாரி' என்னும் மக்கள் ஆவணக் காப்பகம், மாணாக்கர் கிராமங்களிலிருந்து எழுதும் கட்டுரைகளையும் வெளியிட்டு வருகின்றது.

கிராமத்துக்கு வரும் மாணாக்கருக்குக் கிராம சபையே சிறந்த வகுப்பறை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் நடைபெறும் கூட்டங்களில் ஊராட்சியின் வரவு செலவு மக்கள் முன் வைக்கப்பெறுகின்றது. மாணவர் அக்கணக்கைக் குறித்துக்கொள்க. அதிற் கண்ட சாலையையும் நீர்த்தொட்டியையும் நேரிற் சென்று காண்க. கூட்டத்திற் பேசியவர்களிடம் மட்டுமின்றி, பேசாது பின்வரிசையில் அமர்ந்திருந்த பெண்களிடமும் கேட்க. பெயரை வெளியிட்டால் தீங்கு நேருமெனில் அப்பெயரை மறைத்தல் அவர் கடமை. ஆவணம் கிடைக்காவிடின் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பிக்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் விடை தருதல் வேண்டும்.

ஊராருக்கும் இதிற் பங்குண்டு. குறிப்பேட்டுடன் வரும் மாணவரைச் சந்தேகிக்காமல், தேதியையும் தொகையையும் சரியாகச் சொல்லுங்கள், மிகைப்படுத்த வேண்டாம். எழுதியதை வெளியிட்ட பின் ஒரு பிரதியை ஊருக்கு அனுப்புமாறு கேளுங்கள். அதை அடுத்த கிராம சபையில் வாசித்துப் பிழையிருப்பின் எழுதித் தெரிவியுங்கள். ஊரார் திருத்தும் பாடம் எந்நாளும் மறவாது. அங்ஙனம் பயின்ற நிருபரால் நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் நன்மை விளையும் என்பது திண்ணம்.