காய்ச்சல் விட்டதும் வரும் ஆபத்து



"காய்ச்சல் விட்டுப்போச்சு, நாளைக்கு வேலைக்குப் போகலாம்" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. டிங்கிக் காய்ச்சலில் அந்த நாள்தான் ஆபத்தான நாள். காரணத்தைப் பார்ப்போம்.

நம் ரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் உண்டு. கிருமி நுழைந்ததும் இவை விழித்துக்கொள்கின்றன. விழித்த அணுவின் மேல் சில அடையாளங்கள் தோன்றும். 'சி.டி.69' என்பது சில மணி நேரத்திலேயே தோன்றும் ஓர் அடையாளம். இதைக் காட்டிக்கொடுப்பது லேசர் ஒளி.

பிரட்டுக்களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவராகப் பேர் கூப்பிட்டுப் பதிகிறார்கள் அல்லவா? அதுபோல இரத்த அணுக்களை ஒன்றன்பின் ஒன்றாக மெல்லிய நீரோட்டத்தில் ஓடவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். ஒளி சிதறும் விதத்தில் அணுவின் பருமன் தெரியும். முன்கூட்டியே கலந்த சாயம், அடையாளம் உள்ள அணுவில் மட்டும் ஒட்டி மின்னும். ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான அணுக்களை எண்ணிவிடலாம். 'ப்ளோ சைட்டோமீட்டர்' என்னும் இக்கருவியை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து லெனார்ட் ஹெர்சன்பெர்க். 1900ல் கோலாலம்பூரில் தொடங்கிய நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் எதிர்ப்பு அணுக்களை இம்முறையில் சோதிக்கிறது.

இத்தகைய ஆராய்ச்சிகள் சொல்வது என்ன? கடுமையான டிங்கியில் எதிர்ப்பு அணுக்கள் அளவுக்கு மீறி விழித்து, ரசாயனங்களைக் கொட்டுகின்றன. கிருமியின் புரதமும் சேர்ந்துகொள்ள, ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது. ரத்தம் கெட்டியாகி, அழுத்தம் இறங்குகிறது. பெரும்பாலும் இது 3 முதல் 7ஆம் நாளுக்குள், காய்ச்சல் தணியும் வேளையில் நடக்கிறது.

"எனக்கு ஒருதடவ வந்துடுச்சு, இனி வராது" என்பதும் தவறு. டிங்கிக் கிருமி 4 வகை. இரண்டாம் தடவை வேறு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே கவனியுங்கள்:

1. காய்ச்சல் 2 நாள் நீடித்தால் கிளினிக்குக்குப் போய் ரத்தம் கொடுங்கள். எடுப்பது ஒரு சிறு குழாய் அளவுதான், பலம் குறையாது. மறுநாளும் கேட்டால் மறுக்காதீர்கள். ரத்தம் கெட்டியாகிறதா, தட்டணுக்கள் குறைகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கவே கேட்கிறார்கள்.

2. பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின், இபுபுரூபன் கூடாது, ரத்தக்கசிவு உண்டாகும்.

3. கஞ்சி, இளநீர், தண்ணீர் அடிக்கடி குடியுங்கள்.

4. காய்ச்சல் விட்டபின் 2 நாள் கண்காணியுங்கள். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைவு – இதில் ஒன்று கண்டாலும் தாமதம் வேண்டாம். கிள்ளான் பக்கத்தார் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கும், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தார் கோலாலம்பூர் மருத்துவமனைக்கும் உடனே செல்லுங்கள்.

5. பால் எடுக்காத மங்கு, பீப்பாய், பூச்சட்டி, பழைய டயர் இவற்றில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை கொட்டுங்கள். கொசு முட்டையிட்டுப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரமே போதும்.

எத்தனை நுட்பமான கருவி இருந்தாலும், அது நம் லயத்தைத் தேடி வராது. நாம்தான் நேரத்தோடு போகவேண்டும். ஒரு நாள் சம்பளம் போனால் சம்பாதிக்கலாம். உயிர் போனால் முடியுமா?