பதில் போடாத நாற்பது பேர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் மெயில் பார்த்தேன். முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு அனுப்பிய வேலை பற்றிய கணக்கெடுப்புக்கு மூன்று முறை நினைவூட்டியும் நூற்றுக்கு நாற்பது பேர் வாய் திறக்கவில்லை, பதில் போட்டவர்கள் எண்ணிக்கை எப்படியாவது எழுபதைத் தொட வேண்டும் என்று மேலதிகாரி சொல்கிறார் என்று புலம்பியிருக்கிறாய். எழுபதைத் தொட்டால் என்ன கிடைக்கும் என்று அவரைக் கேட்டாயா?

ஒரு கணக்குப் போட்டுப் பார். பதில் சொன்ன 60 பேரில் 54 பேருக்கு வேலை. அறிக்கையில் 90 சதவீதம் என்று அச்சாகும். சொல்லாத 40 பேரில் 20 பேருக்குத்தான் வேலை என்றால் உண்மை 74. இப்போது அவசரமாக இன்னும் பத்துப் பேரைப் பிடிக்கிறாய். யார் சிக்குவார்கள்? நல்ல வேலையில் இருப்பவர்கள், பேராசிரியரோடு இன்னும் பேச்சுவார்த்தை உள்ளவர்கள். அந்தப் பத்துப் பேருக்கும் வேலை இருந்தால் உன் விடை 91 ஆகும். ஓடி ஓடி உழைத்து உண்மையிலிருந்து இன்னும் தள்ளிப் போயிருப்பாய்.

1946இல் ஹேன்சன், ஹர்விட்ஸ் என்ற புள்ளியியலாளர்கள் சொன்ன வழி இன்றும் நிற்கிறது. நாற்பது பேரையும் அரைகுறையாகத் துரத்தாதே. அவர்களில் பத்துப் பேரைக் குலுக்கல் முறையில் எடு. நேரில் போயாவது அந்தப் பத்துப் பேரிடமும் பதில் வாங்கு. ஒவ்வொருவரும் நான்கு பேருக்காகப் பேசுவதாக எடை கொடு. குலுக்கலில் வந்தவர் கிடைக்கவில்லையே என்று பக்கத்துப் பெயருக்கு மட்டும் தாவிவிடாதே.

நீ இருக்கும் அமெரிக்காவில் இந்த வேலைக்கு ஒரு வசதி உண்டு. அங்கே ஆய்வுப் பட்டம் பெறும் எல்லோரிடமும் பட்டம் வாங்கும் நேரத்திலேயே விவரம் கேட்கும் கணக்கெடுப்பு 1950களின் கடைசியிலிருந்து நடக்கிறது. பத்தில் ஒன்பது பேர் நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். நிரப்பாதவர்களுக்கும் துறை, ஆண்டு போன்ற சிலவற்றைப் பல்கலைக்கழகத்திடமிருந்து திரட்டுகிறார்கள். 1973 முதல் நடக்கும் முனைவர்கள் கணக்கெடுப்புக்கு மாதிரி எடுப்பது இந்தப் பட்டியலிலிருந்துதான். அதனால் பிறகு மௌனமானவர் யார், எந்தத் துறை, எந்த ஆண்டு என்பது முன்பே கையில் இருக்கிறது. உன் பல்கலைக்கழகமும் கையெழுத்துக்காக மாணவர் வந்து நிற்கும் அந்த ஒரு நாளைக் கோட்டைவிடக் கூடாது. 'ஐந்து வருடம் கழித்தும் உங்கள் இருப்பிடம் தெரிந்திருக்கக்கூடியவர் யார்' என்று அவரிடம் அன்றே கேட்டு வாங்கு. நம்மவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் அம்மா எண்தான் வரும்; அந்த எண் மாறவும் மாறாது.

ஆளைத் தேடும்போது நம் ஊர்ப் பெயர்கள் செய்யும் கூத்து தனிக்கதை. பட்டச் சான்றிதழில் முருகன் சுப்பிரமணியம். கட்டுரையில் எஸ். முருகன். வேலையிடத்தில் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்துவிட்டால் விசாவில் முன்பெயர் 'எஃப்என்யு' ஆகிவிடும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பல்கலைக்கழகப் பதிவிலும் அதுவே ஏறி, 'அன்புள்ள எஃப்என்யு' என்று கடிதம் போகிறது. அதற்கு யார் பதில் போடுவார்? கணினி 'ஆளைக் காணோம்' என்று ஒதுக்கும் பட்டியலை ஒருமுறை நீயே கண்ணால் படி. கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிக்கொண்ட பெண்களும் அதில்தான் இருப்பார்கள்.

வந்த பதில்களையும் அப்படியே நம்பிவிடாதே. என் முதல் வேலையில் சம்பளக் கட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கெல்லாம் நான் 0 என்று பதிந்துவிட்டேன். ஒரு துறையே ஒரே இரவில் பரம ஏழையானது! காலிக்கு ஒரு குறி, சம்பளமே இல்லை என்பதற்கு வேறு குறி வை. காலிக் கட்டத்தை அவரைப் போன்ற இன்னொருவரின் பதிலைக் கொண்டு நிரப்பினால், நிரப்பியது என்று பக்கத்திலேயே குறித்துவை. 'வேலையில் இருக்கிறீர்களா' என்று பொதுவாகக் கேட்காமல், எந்த வாரத்தில் என்று தேதி போட்டுக் கேள். போஸ்ட்டாக் செய்பவர் தன்னை ஒரு மாதம் ஊழியர் என்பார், மறுமாதம் மாணவர் என்பார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த நாற்பது பேரின் துறையையும் பட்டம் பெற்ற ஆண்டையும் அனுப்பு. பெயர் வேண்டாம். பத்துப் பேரை எப்படிக் குலுக்குவது என்று உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்