உருவாகாத டாங்கிக்குக் காகித உருவம்

கேள்வி: உற்பத்தியே செய்யப்படாத டாங்கிகளுக்குக் காகித மாதிரி செய்வதால் என்ன பிரயோஜனம்?

பதில்: பிரயோஜனம் மிக உண்டு. 1942-இல் ஜெர்மனியில் ஹிட்லரின் ஆதரவோடு திட்டமிடப்பட்டு, 1943-இல் ஆயுத மந்திரி ஆல்பர்ட் ஷ்பேரால் ரத்து செய்யப்பட்ட, ஆயிரம் டன் எடையுள்ள ‘ராட்டே’ டாங்கியின் நீளம் சுமார் 35 மீட்டர், உயரம் 11 மீட்டர் என்று படிக்கும்போது மனத்தில் பதியாத பிரம்மாண்டம், நூற்றில் ஒரு பங்கு அளவில் அட்டையை வெட்டி, மடித்து, ஒட்டி, அருகே இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைந்த ஒரு மனித உருவத்தை நிறுத்தியதும் பிரத்தியட்சமாகிவிடுகிறது. சாதாரணப் பாலங்கள் இதைத் தாங்கியிரா என்பதும், விமானங்களுக்கு இது எளிய இலக்காகியிருக்கும் என்பதும் அப்போது விளங்கும். வரைபடம் காட்டாத பாகங்களை ஊகித்துத்தான் அமைக்க வேண்டியிருப்பதால், எது ஆதாரம், எது கற்பனை என்று குறித்து வைத்துக்கொண்டு செய்கிறவருக்கு இது சரித்திரப் பயிற்சியே ஆகும், தயங்காமல் தொடங்குங்கள்.