மருமகளுக்கு, வாடைக்கு முன்னால்

அன்பின் மருமகளுக்கு,

மாமா வவுனியாவிலிருந்து எழுதிக்கொள்வது. கடை வேலையை விட்டுப்போட்டு நீ பட்டம் கட்டி விற்கப் போகிறாய் என்று கொம்மா அழாக்குறையாகச் சொன்னா. எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் நீ அனுப்பிய கணக்குக் கொப்பியின் படத்தைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க ஏலவில்லை.

ஒரு பட்டத்துக்குத் தாளும் மூங்கில் சலாகையும் 90 ரூபாய், விற்பது 200, லாபம் 110 என்று போட்டிருக்கிறாய். பசை எங்கே? நூல் எங்கே? சீவும்போது முறிந்த சலாகை எங்கே? முழு நாளும் குந்தியிருந்து கட்டின உன்னுடைய கூலி எங்கே? கடையில் உனக்கு ஒரு நாளைக்கு என்ன சம்பளம் தந்தார்களோ, அதை ஒரு நாளில் நீ கட்டி முடிக்கிற பட்டங்களுக்குப் பிரித்துப் போடு. மழையில் நனைந்தும் கிழிந்தும் போகப்போவதற்கு ஒரு பங்கு வை. அதுக்குப் பிறகு வருவதுதான் அடக்கவிலை. அது 200ஐத் தாண்டினால் கூச்சப்படாமல் 280 சொல்லு.

இனி அந்தப் பெரிய பட்டக் கதைக்கு வருகிறேன். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் ஏற்றுகிற இராட்சதப் பட்டங்களைப்போல ஒன்று கட்டினால் பெயர் வரும், பெயரோடு வியாபாரமும் வரும் என்று நினைக்கிறாய். பெயர் வரும். ஆனால் அந்தப் பட்டங்களைக் கட்டுகிறவர்கள் அதை விற்கக் கட்டுவதில்லை. கூட்டாளிமார் சேர்ந்து கைக்காசு போட்டு, இரவிரவாக மினக்கெட்டு, ஊர் பார்க்க ஒரு நாள் ஏற்றுகிறார்கள். அது ஒரு கலை, நானும் போய் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். ஆனால் உன்னைப்போலத் தனி ஆள் அதில் இறங்கினால், சின்னப் பட்டம் விற்க வேண்டிய மார்கழி முழுக்க ஒரே பட்டத்தில் போய்விடும். 2021 மார்கழியில் பருத்தித்துறைப் பக்கம் பெரிய பட்டமொன்றின் கயிற்றோடு ஒருவர் ஆகாயத்துக்குப் போன வீடியோவை உலகமே பார்த்தது. நல்லகாலம், உயிர் தப்பியது. அத்தனை பேர் பார்த்தும் அதனால் எந்தக் கடையிலாவது ஒரு கொக்குப் பட்டம் கூடுதலாக விற்றிருக்கும் என்று நான் நம்பவில்லை.

உனக்குச் சோறு போடப்போகிறவன் அரைக்காற்சட்டை போட்ட பெடியன். அவன் பட்டத்தை வாங்கிக்கொண்டு நேரே வயல்வெளிக்கு ஓடுவான். முதல் தரமே ஏறினால் அடுத்த நாள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வருவான். ஏறாமல் குத்தினால், இனி அந்த வீட்டில் வாங்காதே என்று அவனுடைய தாய் சொல்லிவிடுவா. தாளில் நீ ஒட்டுகிற பூவும் கண்ணும் வடிவுதான், ஆனால் அவன் காசு தருவது பறப்புக்கு.

பறப்பு முழுக்கச் சலாகையிலும், நூலைக் கட்டுகிற முச்சையிலும்தான் இருக்கிறது. வளைக்கிற சலாகையைச் சீவினதும் சரிநடுவில் நூலால் கட்டித் தூக்கிப் பார். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தைக் கத்தியால் சீவாதே, கத்தி ஆழமாக இறங்கிவிடும். உடைந்த போத்தல் ஓட்டால் மெல்லச் சுரண்டு. பாரம் சரிவந்த பிறகும் வேலை முடியவில்லை. இரண்டு நுனியையும் பிடித்து வளைத்துக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார். ஒரு பக்கம் மெலிந்திருந்தால் காற்றில் அந்தப் பக்கம் கூட வளையும், பட்டமும் அந்தப் பக்கமே சரியும். அதுக்கு எவ்வளவு நீள வால் கட்டினாலும் பிரயோசனமில்லை. கணு இருந்தால் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் வரும்படி தறி.

முச்சையை நீயே கட்டிக் கொடு. வாங்குகிற பிள்ளைக்கு அது தெரியாது, தகப்பன்மாரில் பாதிப் பேருக்கும் தெரியாது, தெரிந்ததுபோல நிற்பார்கள். நூல் சேர்கிற இடத்தை இறுக்கி முடியாமல் நகர்த்தக்கூடிய சுருக்காகப் போடு. காற்றுக் கடுமையென்றால் கொஞ்சம் மேலே தள்ளு, மெல்லிய காற்றென்றால் கீழே இறக்கு என்று கொடுக்கும்போதே கையால் காட்டிவிடு. கட்டுகிற பட்டங்களில் பத்துக்கு ஒன்றையாவது நீயே வெளியில் கொண்டுபோய் ஏற்றிப் பார்க்க வேண்டும். சந்தியில் நாலு பேர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பட்டத்தில் பூட்டுகிற விண்ணைத் தனியாகச் செய்து தனி விலைக்கு விற்கலாம். எட்டுமூலைப் பட்டத்துக்கும் படலப் பட்டத்துக்கும் விண் பூட்டி இரவில் மரத்தில் கட்டிவிடுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். விடியவிடியக் கூவும். இப்ப பார்சல் கட்டுகிற பிளாஸ்டிக் நாரைத்தான் பூட்டுகிறார்கள். சத்தம் பெரிது, ஆனால் பனைநாரின் நாதம் அதில் இல்லை. கிழவன் பேச்சு என்று விடு. பக்கத்து வீட்டில் சோதனைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் சண்டை வரும் என்பதை மட்டும் வாங்குகிறவருக்குச் சொல்லிவை.

கார்த்திகை மழை விட்டு வாடை நின்று வீசினால் மாசி வரைக்கும்தான் உன்னுடைய வியாபாரம். ஆகையால் வேலை ஆவணியிலேயே, அதாவது இப்பவே, தொடங்க வேண்டும். எங்கட பக்கத்தில் மூங்கில் பெரிதாக இல்லை, தெற்கிலிருந்துதான் வரவேண்டும். இப்ப வாங்கிப் பிளந்து நிழலில் காயவை. பச்சைச் சலாகையில் கட்டின பட்டம் தை வருவதற்குள் வளைவு மாறிவிடும். தாளையும் ஒரு பருவத்துக்குத் தேவையான அளவு முன்கூட்டியே வாங்கி, ஈரம் படாமல் தகரப் பெட்டியில் வை. 2022 இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடத் தவணைச் சோதனையையே பின்போட்டார்கள். அப்படி ஒரு நேரம் வந்தால் பட்டத் தாளை யார் இறக்குமதி செய்யப் போகிறார்கள்?

மாசிக்குப் பிறகு என்ன செய்வது என்று கொம்மா கேட்டது நியாயமான கேள்விதான். வைகாசியில் வெசாக் வருகிறது. வெசாக் விளக்குக் கூட்டுக்கும் இதே சலாகை, இதே தாள், இதே பசை. அதோடு தெற்கில் பட்டக்காலம் எங்களுக்கு நேர் எதிர். ஆடி, ஆவணியில் காலிமுகத்திடலில் போய்ப் பார், கடற்கரை முழுக்கப் பட்டம் விற்பார்கள். இந்த முறை பிந்திவிட்டது. அடுத்த ஆனிக்குள், அங்கே விற்க, மடித்துக் கட்டக்கூடிய சின்ன வகையாக ஒன்றைப் பழகு. கொக்குப் பட்டமும் பிராந்துப் பட்டமும் பஸ்ஸில் கொழும்பு போய்ச் சேர்வதற்குள் கிழிந்துவிடும்.

நூல் விசயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கண்ணாடித்தூள் பூசின நூலை யார் கேட்டாலும் விற்காதே. சென்னையில் மாஞ்சா நூல் கழுத்தை அறுத்துச் சனம் செத்து, அங்கே தடை போட்டிருக்கிறார்கள். எங்களுக்குப் பட்டம் அறுக்கிற விளையாட்டும் இல்லை, அந்தக் காசும் வேண்டாம். வெறும் தங்கூசி நூல்கூட வீதிக்குக் குறுக்கே தொங்கினால் மோட்டார்சைக்கிளில் வருகிறவனுக்கு ஆபத்து. மினுங்கல் தாளில் வால் கட்டாதே, அது மின்கம்பியில் பட்டால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். கம்பியில் சிக்கின பட்டத்தை எடுக்க ஏறுகிற பெடியனுக்குப் புதுப்பட்டம் ஒன்றைச் சும்மா கொடுத்தாவது இறக்கிவிடு. பலாலி விமான நிலையத்துக்குக் கிட்ட இருக்கிறவர்கள் வாங்க வந்தால், எங்கே ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுக் கொடு.

கடன் கொடுக்கிற விசயத்தில் நீ உன் தகப்பனைப்போல. கடைகளுக்குப் பட்டம் போடும்போது, விற்றபிறகு காசு என்பார்கள். முதல் தரம் 20 மட்டும் போடு, அந்தக் காசு கைக்கு வந்த பிறகு அடுத்த 20. பொங்கலுக்கு முதல்நாள் அவசரமாக 100 கேட்பார்கள், அப்ப கைக்காசுக்கு மட்டும் கொடு.

மூங்கில் ஏற்றி வருகிற லொறிக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். எத்தனை தடி வேண்டும் என்று இந்தக் கிழமைக்குள் சொல்லு. புதுக் கணக்கையும் எழுதி அனுப்பு, கூலியைப் போட்டு.

அன்புடன்,
மாமா